திருச்சி என்.ஐ.டி.யா, கிண்டியா? இரண்டு கவுன்சிலிங்குக்கு நடுவே ஒரு முடிவு

மகள் இப்போது கிண்டி பொறியியல் கல்லூரியில் ஈ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். 2024-ல் திருச்சி என்.ஐ.டி.யில் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் சீட் கிடைத்து, அதை விட்டுவிட்டுத்தான் இங்கே சேர்ந்தாள். அதே நிலையில் இருக்கும் பெற்றோர்கள் எங்களிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் சாய்வு கிண்டிப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கிண்டிக் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. திருச்சிக் கல்லூரி 1964-ல் ஆர்.இ.சி.யாக (மண்டலப் பொறியியல் கல்லூரி) வந்து 2003-ல் என்.ஐ.டி. ஆனது. மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-இன் 2024 பொறியியல் பட்டியலில் திருச்சிக்கு 9-வது இடம், கிண்டி அடங்கிய அண்ணா பல்கலைக்கு 14-வது. இரண்டில் எதைச் சொன்னாலும் சொந்தக்காரர்கள் தலையாட்டுவார்கள். திருச்சியில் பாதி இடங்கள் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு என்பதால், பல மொழி பேசுகிறவர்களோடு விடுதியில் வாழும் அனுபவம் கிடைக்கும். அது கிண்டியில் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

செலவில் கிண்டி வெகு குறைவு. என்.ஐ.டி.யில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய். ஆனால் குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் முழு விலக்கு உண்டு. ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. இது தெரியாமலேயே "என்.ஐ.டி. நமக்குக் கட்டுப்படியாகாது" என்று ஒதுங்கிவிடுகிற குடும்பங்கள் உண்டு. அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிண்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அவர்களின் கட்டணத்தைத் தமிழக அரசே கட்டிவிடுகிறது.

சரி, உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது காலண்டர்தான். இதை யாரும் பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை.

என்.ஐ.டி. இடங்களை ஒதுக்கும் மத்திய கவுன்சிலிங்கான ஜோசாவும், தமிழகப் பொறியியல் கவுன்சிலிங்கான டி.என்.இ.ஏ.வும் ஒன்றையொன்று பார்த்து நடப்பதில்லை. 2024-ல் ஜோசா ரவுண்டுகள் ஜூலையில் முடிந்த பிறகுதான், அந்த மாதக் கடைசியில் டி.என்.இ.ஏ. பொதுப்பிரிவின் முதல் ரவுண்டு தொடங்கியது. ஜோசாவில் சீட்டை விட்டு விலகும் வாய்ப்போ கடைசி ரவுண்டுக்கு முன்பே மூடிவிடும். அப்படியானால், கிண்டி சீட் கண்ணில் படாத நிலையிலேயே திருச்சி சீட்டை வைத்துக்கொள்வதா விடுவதா என்று சொல்லியாக வேண்டும். மகள் ஈ.சி.இ. கிடைக்குமா என்று ஃப்ளோட் (கிடைத்த சீட்டை வைத்துக்கொண்டே மேலான சீட்டுக்குக் காத்திருப்பது) போட்டுக் காத்திருந்தாள். ஒவ்வொரு ரவுண்டிலும் புரொடக்‌ஷனிலேயே நின்றது.

இங்கேதான் டி.என்.இ.ஏ. ரேங்க் பட்டியல் கைகொடுத்தது. அது ஜூலை 10 அன்று வந்தது. ஜோசாவில் விலகுவதற்குச் சில நாள்கள் மிச்சமிருந்தன. டி.என்.இ.ஏ. இணையதளத்தில் முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்தச் சமூகப் பிரிவில் எந்த ரேங்க் வரை இடம் போனது என்ற விவரம் இருக்கிறது. நாங்கள் கிண்டி ஈ.சி.இ. வரியில் பி.சி. கட்டத்தை மட்டும் எடுத்து, மகளின் ரேங்கைப் பக்கத்தில் எழுதினோம். வித்தியாசம் தாராளமாக இருந்தது. அன்று மாலையே விலகிவிட்டாள். சேர்க்கைக்குக் கட்டியதில் நடைமுறைக் கட்டணம் போக மீதி திரும்பி வந்தது.

இதைச் செய்யும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கட்-ஆஃப் மதிப்பெண்ணை (பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியலை வைத்து 200-க்குக் கணக்கிடுவது) வைத்து ஒப்பிடாதீர்கள், ரேங்கை வைத்து ஒப்பிடுங்கள். 200-க்கு 200 எடுத்தவர்கள் 2024-ல் 65 பேர், 2025-ல் 144 பேர். ஒரே மதிப்பெண் ஓர் ஆண்டில் உயரத்திலும் அடுத்த ஆண்டில் நடுவிலும் இருக்கும். "போன வருஷம் 198-க்குக் கிடைத்தது, உனக்கும் கிடைக்கும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வதை நம்பி சீட்டை விடக்கூடாது. இடங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறாதவரை ரேங்க் அவ்வளவு ஏமாற்றாது. அதேபோல ஜோசாவின் பழைய ரேங்க்குகளைப் பார்க்கும்போது பெண் பிள்ளைகள் 'ஃபீமேல் ஒன்லி' வரியையும், அதில் 'ஹோம் ஸ்டேட்' (சொந்த மாநிலத்தவருக்கான இடம்) என்று இருப்பதையும் பார்க்க வேண்டும். பொது வரியைப் பார்த்துவிட்டு மனமுடைந்துபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். டி.என்.இ.ஏ.வில் பெண்களுக்கென்று அப்படித் தனி இடம் இல்லை.

சான்றிதழிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மாநிலத்துக்கு நம்மிடம் உள்ள பி.சி. சாதிச் சான்றிதழே போதும். ஜோசாவுக்கு அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் (வசதி வரம்புக்குக் கீழே உள்ள பிற்படுத்தப்பட்டோர் என்பதற்கான) சான்றிதழ் வேண்டும். இ-சேவையில் விண்ணப்பிப்பதை ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். ஜூனில் எல்லோரும் ஓடுவார்கள்.

சிலர் இரண்டு சீட்டையும் பிடித்து வைத்துக்கொண்டு, ஜோசாவில் விலகும் தேதி தாண்டிய பிறகும், டி.என்.இ.ஏ. முடிவைப் பார்த்துவிட்டு என்.ஐ.டி.யை விடுகிறார்கள். விதிப்படி முடியும், கொஞ்சம் பணம் போகும். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. நாம் நேரத்தோடு விலகினால் அந்த இடம் ஜோசாவின் கடைசி ரவுண்டிலேயே வேறொரு பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

பிரிவு பற்றியும் ஒரு வார்த்தை. மகளுக்குச் சர்க்யூட்டும் சிக்னலும் பிடிக்கும். இரண்டாம் ஆண்டில் சிக்னல்ஸ் பாடத்தின் கணக்கை இரவு பதினொரு மணிக்கு அலைபேசியில் எனக்கு விளக்கப் பார்க்கிறாள், எனக்குப் பாதிதான் புரிகிறது. புரொடக்‌ஷனில் அவள் நன்றாகவே படித்திருக்கலாம். ஆனால் விரும்பாத பாடத்தில் நான்கு ஆண்டு என்பது நீண்ட காலம். வேலைவாய்ப்பில் எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவள் இன்னும் கேம்பஸ் இன்டர்வியூ பக்கமே போகவில்லை, மற்றவர்கள் சொல்லக் கேட்டதை இங்கே எழுதவும் விருப்பமில்லை.

திருச்சியிலேயே விரும்பிய பிரிவு கிடைத்திருந்தால் நாங்கள் யோசித்திருக்க மாட்டோம், அங்கேயே சேர்த்திருப்போம். மெக்கானிக்கல், மெட்டலர்ஜி, புரொடக்‌ஷன் இவற்றில் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைக்கும் அதையேதான் சொல்வேன். அப்புறம், டி.என்.இ.ஏ. ரேங்க் முந்தைய ஆண்டின் கடைசி ரேங்கை ஒட்டி, எல்லையில் நிற்கிறது என்றால் என்.ஐ.டி. சீட்டை விடாதீர்கள். எங்களுக்கு இடைவெளி தாராளமாக இருந்ததால்தான் துணிந்து விட்டோம்.