எல் சால்ட்டோவா, லேக் ஆஃப் தி உட்ஸா? பிள்ளைகளோடு பாஸ் பிடிக்கப் போகுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

வட அமெரிக்காவில் இருந்துகொண்டு, பாஸ் மீனுக்காக வெளிநாட்டு லாட்ஜில் ஒரு வாரம் தங்கலாம் என்று பேச்செடுத்தால் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். மெக்சிகோவின் சினலோவா மாநிலத்தில் எல் சால்ட்டோ அணை, கனடாவில் ஒன்டாரியோவின் வடமேற்கு மூலையில் லேக் ஆஃப் தி உட்ஸ், பிரேசிலில் அமேசானின் கிளையான ரியோ நீக்ரோ. கூட்டாளிகளோடு போகிறவர் எதையும் தேர்ந்தெடுக்கலாம். கணவன், மனைவி, பத்து வயதில் ஒன்று, ஆறு வயதில் ஒன்று என நால்வராகக் கிளம்பும்போது கணக்கு வேறு.

ரியோ நீக்ரோவை முதலிலேயே கழித்துவிடலாம். அங்கே கிடைக்கும் பீகாக் பாஸ் உண்மையில் பாஸே அல்ல. நம்மூர் மீன் கடையில் ஜிலேபி என்று விற்கும் திலாப்பியாவின் குடும்பம். 2010-இல் பிடித்த உலகச் சாதனை மீன் 13 கிலோவைத் தாண்டியது. ஆனால் அதற்கு 65 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும் (தூண்டில் இழை), பின்னால் விசிறி சுழலும் ஏழு அங்குல மர லூரும் (போலி இரை) வேண்டும். அதை நாள் முழுக்க வீசி இழுத்தால் பெரியவர்களுக்கே மூன்றாம் நாள் தோள் தூக்க வராது. அமேசான் நகரமான மனாவுஸ் போய், அங்கிருந்து சின்ன விமானம், பிறகு படகு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னராவது போட்டிருக்க வேண்டும். நடுவில் மழை பெய்து ஆறு ஏறினால் மீன் காட்டுக்குள் போய்விடும், வாரமும் போச்சு. பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு பார்க்கலாம்.

மிச்சம் இரண்டு.

எந்த விடுமுறை?

இந்தக் கேள்விதான் பாதித் தேர்வை முடித்துவைக்கிறது. எல் சால்ட்டோ பாசனத்துக்காகக் கட்டிய அணை. ஜூலையில் தொடங்கும் மழையில் நிரம்பி, மறு கோடை வரை வயல்களுக்குத் தண்ணீர் விட்டபடியே இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை முள்காடெல்லாம் நீருக்குள் கிடக்கும். மீன் சிதறியிருக்கும், ஆனால் கடி நிறைய, காலையில் குளுமை. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும் காலம், பெரிய பெண் மீன்கள் கரையோரம் வரும். ஏப்ரலிலிருந்து தண்ணீர் சரசரவென்று இறங்க, மீன்கள் மூழ்கிய மேடுகளிலும் பழைய சாலைத் தடங்களிலும் குவிந்துவிடும். பத்துப் பவுண்டு மீனுக்குப் பேர்போன மாதங்கள் மே, ஜூன். அப்போது பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல், படகில் நிழல் கிடையாது. பள்ளிகளின் நீண்ட விடுமுறையான ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் விழுகிறது, லாட்ஜ்களும் ஒவ்வொன்றாக மூடும்.

லேக் ஆஃப் தி உட்ஸ் இதற்கு நேர் எதிர். மே மாதம்தான் பனிக்கட்டி விலகும். ஜூனில் ஸ்மால்மவுத் பாஸ் கூடு கட்டி முட்டையிடும், பிடிக்கச் சுலபம். ஆனால் கூட்டைக் காக்கும் ஆண் மீனைத் தூக்கிய சில நிமிடங்களில் மற்ற மீன்கள் முட்டையைத் தின்றுவிடும் என்பதால், பிடித்த இடத்திலேயே உடனே விட வேண்டும். போதாததற்கு ஜூன் முழுக்கக் கருப்பு ஈ. காதுக்குப் பின்னாலும் தலைமுடி ஓரத்திலும் கடித்து ரத்தம் வரவைக்கும், குழந்தைகளுக்கு வீங்கிவிடும். ஜூலை மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை ஈ ஓய்ந்து, தண்ணீரில் குதித்துக் குளிக்கும் சூடும் வந்திருக்கும்.

ஆக, கிறிஸ்துமஸ் அல்லது மார்ச் விடுமுறை என்றால் மெக்சிகோ. கோடை விடுமுறை என்றால் ஒன்டாரியோ. இதை மாற்றிப் போட முயல்கிறவர்கள்தான் பணத்தைக் கொட்டி ஏமாறுகிறார்கள்.

மீன்

எல் சால்ட்டோவில் இருப்பது ஃபுளோரிடா வகை லார்ஜ்மவுத் பாஸ். வருடம் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீர், தின்னத் தின்னத் தீராத திலாப்பியா. அதனால்தான் அந்தப் பருமன். லார்ஜ்மவுத்தின் உலகச் சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தார். எல் சால்ட்டோ அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் வாழ்நாளில் ஒரு பத்துப் பவுண்டு என்று கனவு காண்பவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. விமானத்தில் போய் இறங்கும் நகரமான மசாட்லானுக்கு இன்னும் அருகில் பிகாச்சோஸ் என்றொரு புதிய அணை இருக்கிறது. அங்கே எண்ணிக்கை அதிகம், பருமன் குறைவு. சிறுவர்களுக்கு அதுவே மேல்.

ஒன்டாரியோவின் ஸ்மால்மவுத் இரண்டு, மூன்று பவுண்டுதான், ஐந்து பவுண்டு என்றால் பேசித் தீராது. குளிரில் வளர்ச்சி மெதுவானதால் இருபது அங்குல மீன் ஒன்றுக்கு வயது பத்தைத் தாண்டியிருக்கும். ஆனால் பவுண்டுக்குப் பவுண்டு ஸ்மால்மவுத் காட்டும் முரண்டு லார்ஜ்மவுத்திடம் இல்லை. தண்ணீருக்கு மேலே மூன்று தடவை எகிறும். ஆறு வயதுக் குழந்தைக்குத் தேவை பத்து நிமிடத்துக்கு ஒரு கடி. பத்துப் பவுண்டு மீனுக்காக நாலு மணி நேரம் காத்திருக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை.

படகு

விளம்பரப் படங்களில் தெரியாத விஷயம் இது. எல் சால்ட்டோவில் ஒரு படகுக்கு ஒரு வழிகாட்டி, இரண்டு பேர். நால்வர் என்றால் இரண்டு படகு. குடும்பம் காலையிலேயே பிரிந்து, மதியச் சாப்பாட்டுக்குத்தான் சேரும். வழிகாட்டி பேசுவது பெரும்பாலும் ஸ்பானிஷ். காலை ஐந்து மணி நேரம், வெயிலுக்கு ஓய்வு, சாயங்காலம் மறுபடி நாலு மணி நேரம். ஒன்பது மணிக்கே சின்னது தூங்கி விழுந்தால் நடுவில் கரைக்குக் கொண்டுவந்து விடுவார்களா என்பதை முன்பணம் கட்டும்முன் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கிவைக்க வேண்டும்.

லேக் ஆஃப் தி உட்ஸில் பதினாறு, பதினெட்டு அடி அலுமினியப் படகைச் சாவியோடு கையில் கொடுத்துவிடுவார்கள். நால்வரும் ஒரே படகில் போகலாம், அழுதால் திரும்பலாம். வாடகைக்கு எடுப்பவரிடம் பாதுகாப்புப் பட்டியலைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள், அவசரப்பட்டு போடாதீர்கள். கூடப் பெரியவர் இல்லாமல் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் ஓட்டுவதென்றால் 10 குதிரைத்திறன்தான் உச்சம், பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குள் 40. உயிர்காப்புச் சட்டை குழந்தை அளவில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

ஆபத்தும் இங்கேதான். 14,000 தீவுகளுக்கு மேல் உள்ள ஏரி, எல்லாத் தீவும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீருக்கு அரையடி கீழே பாறை நிற்கும். முதல் நாள் மட்டும் ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு, அவர் போகும் தடத்தை ஜிபிஎஸ்ஸில் பதிந்து, மறுநாள் முதல் அதே கோட்டில் போவது நல்லது. காற்று எழும்பினால் திறந்த வெளியைக் கடக்காமல் தீவின் மறைவிலேயே பிடியுங்கள்.

கையில் எது?

எல் சால்ட்டோவில் பெரியவருக்கு ஏழடி ஹெவி ராடு, 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு, பத்து அங்குல ரப்பர் புழு, 5/0 முள், 3/8 அவுன்ஸ் ஈயம். நீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள்தான் எதிரி. கடித்த மீன் மரத்தைச் சுற்றினால் நரம்பு அறுந்தது அறுந்ததுதான். அதனால் மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு எளிதாக வெளியேறும் என்பதைத் தீர்மானிக்கும் டிராக்கை இறுக்கியே வைப்பார்கள். அதே இறுக்கத்தைப் பிள்ளையின் ராடில் வைத்தால் ராடு கையைவிட்டுப் போய்விடும். பத்து வயதுக்காரருக்கு ஆறரை அடி ஸ்பின்னிங் ராடு, 30 பவுண்டு பின்னல் நரம்பு, ஈயமே இல்லாத ஐந்து அங்குலப் புழு. அதோடு மரம் இல்லாத மேட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். ஏரிக்கரையில் கடை கிடையாது. புழுப் பொட்டலம் முதல் முள் வரை எல்லாம் பெட்டியில் வர வேண்டும். மெக்சிகோ சுங்கம் ஒரு பயணிக்கு நாலு ராடு வரை விடும்.

ஒன்டாரியோவில் ஒரே ஒரு கட்டுப் போதும். காளான் தலை வடிவ 1/8 அவுன்ஸ் ஜிக், அதில் இரண்டே முக்கால் அங்குல ரப்பர் துண்டு. இதற்கு நெட் ரிக் என்று பெயர். மீடியம் ஸ்பின்னிங் ராடு, 10 பவுண்டு பின்னல், நுனியில் ஆறடிக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பன். பாறை சரிந்து தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் வீசி, நரம்பு தொய்யும் வரை, அதாவது ஜிக் தரை தட்டும் வரை சும்மா இருக்க வேண்டும். பிறகு ராடு நுனியை ஒரு சாண் தூக்கி, இறக்கி, மறுபடி சும்மா. பிள்ளைகள் செய்யும் தப்பு, தரையோடு இழுத்துக்கொண்டே வருவது. ஜிக் பாறை இடுக்கில் சிக்கிவிடும். அப்போது வெட்டென்று இழுக்காமல், படகை மறுபக்கம் கொண்டுபோய் எதிர்த்திசையில் இழுத்தால் பத்தில் எட்டு வந்துவிடும்.

நரம்பு அறுந்தால் நுனியைப் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால் பைக் மீனின் பல். பிசிறடித்திருந்தால் பாறை. பன்றிவால்போல் சுருண்டிருந்தால் போட்ட முடிச்சு உருவிக்கொண்டது, குற்றம் உங்களுடையது. பைக் நிறைய உள்ள ஏரி என்பதால் ஒரு வாரத்துக்கு முப்பது ஜிக்காவது வையுங்கள். உயிர் இரை எதையும் எல்லை தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். மீன், அட்டை, நண்டு வகை எல்லாம் தடை, மண்ணோடு வரும் மண்புழுவும் தடை.

சாப்பாடு

எல் சால்ட்டோ லாட்ஜ்களில் மூன்று வேளையும் அவர்களே போடுவார்கள், சமையல் ருசியானது. சைவம் சாப்பிடுகிறவருக்கு மட்டும் சிக்கல். அவரைப் பருப்பில் பன்றிக்கொழுப்பும் சோற்றில் கோழி ரசமும் சேர்ந்திருப்பது அங்கே சாதாரணம். "சின் மான்தேக்கா" என்றால் பன்றிக்கொழுப்பு வேண்டாம், "சின் கால்தோ தே போயோ" என்றால் கோழி ரசம் வேண்டாம். முன்பதிவிலேயே எழுதிக் கேளுங்கள். சமையற்கட்டில் நின்று கேட்டால் தாமதம்.

ஒன்டாரியோவில் "ஹவுஸ்கீப்பிங்" கேபின் எடுத்தால் அடுப்பும் குளிர்பெட்டியும் உங்களுடையது. அரிசி, புளி, மசாலாப் பொடி கொண்டுபோனால் பிடித்த மீன் ராத்திரிக்குக் குழம்பாகிவிடும். மூன்று வேளையும் அவர்கள் போடும் "அமெரிக்கன் பிளான்" விலை கூட. அங்கே போய் அதை எடுப்பது நமக்கு வீண் என்றே சொல்லலாம். குழம்புக்கு பாஸைவிட வால்ஐ மீன் நல்லது. பெரிய பாஸை விட்டுவிடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: மீன் கழிவைக் கேபின் வாசலில் கொட்டினால் கரடி வரும்.

பாதுகாப்பும் காகிதமும்

சினலோவாவை அமெரிக்க வெளியுறவுத் துறை "நான்காம் நிலை, செல்லாதீர்" என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. 2024 செப்டம்பரில் கடத்தல் கும்பலுக்குள் வெடித்த சண்டைக்குப் பிறகு நிலைமை இன்னும் கடினம். லாட்ஜ்காரர்கள் ஏரிப் பக்கம் ஒன்றுமில்லை என்பார்கள். அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் விமான நிலையத்திலிருந்து ஏரிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேர நெடுஞ்சாலை இருக்கிறது. நான்காம் நிலை இடங்களுக்குப் பல பயணக் காப்பீடுகள் பணம் தராது. பாலிசியின் விலக்குப் பகுதியைப் படியுங்கள். போவதென்று முடிவானால் நண்பகலுக்கு முன் தரையிறங்கும் விமானமாகப் பார்த்து, லாட்ஜ் வண்டியில் வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்த ஒரு காரணமே ஒன்டாரியோவைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

விசா விஷயத்தில் நிலைமை தலைகீழ். இந்தியக் கடவுச்சீட்டோடு எச்1பி வேலை அனுமதியில் அமெரிக்காவில் இருப்பவர் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா எடுக்க வேண்டாம். கனடாவுக்கோ வருகை விசா வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். கிரீன் கார்டு உள்ளவருக்கு இரண்டுமே சுலபம். டொராண்டோவிலிருந்து மசாட்லான் போகும் கனடா நிரந்தரவாசிகள் டல்லாஸ், ஃபீனிக்ஸ் வழியாகச் சீட்டு எடுத்தால், இந்தியா அல்லது இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும் என்பதை மறந்து விமான நிலையத்தில் நிற்கக் கூடாது. பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு கனடா எல்லை தாண்டினால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கடைப்புக்குக் கொண்டுபோகும் சூடாஃபெட் வகை மாத்திரை மெக்சிகோவில் தடை.

ஒன்டாரியோவில் அமெரிக்காவிலிருந்து வரும் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குத் தனி உரிமம் வேண்டாம், உரிமம் உள்ளவர் கூட இருந்தால் போதும். ஆனால் அவர்கள் வைத்துக்கொள்ளும் மீன் பெரியவரின் கணக்கில் சேரும். இரண்டு பிள்ளைகளும் பிடித்ததை வாளியில் போட்டுக்கொண்டே போய், வரம்பு மீறிப் பிடிபடுவது அப்பாதான்.

முள் குத்தினால்

இரண்டு இடத்திலும் மருத்துவமனை தூரம். கிளம்புமுன் பிள்ளைகளின் முள்ளில் எதிர்முனையை (கூரிலிருந்து பின்பக்கம் நீளும் சின்னக் கொக்கி) இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். எல்லோருக்கும் கண்ணாடி. மீறி விரலில் ஏறிவிட்டால் முதலில் லூரைக் கழற்றிவிட்டு முள்ளை மட்டும் தனியாக்குங்கள். முள்ளின் வளைவில் தடித்த நரம்பை வளையமாகப் போட்டு, முள்ளின் காதைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வளையத்தைத் தோலுக்கு இணையாகப் பின்பக்கம் ஒரே வெடுக்கில் இழுத்தால் வந்த வழியே வந்துவிடும். மெதுவாக இழுத்தால் வராது, வலிதான் கூடும். கண்ணருகே குத்தியதை மட்டும் தொடாமல், அசையாமல் கட்டி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

முன்பணம் கட்டும்முன்

மெக்சிகோவில் ஆளுக்கு இவ்வளவு என்ற ஒரே தொகைக்குள் வழிகாட்டியும் படகும் சாப்பாடும் அடங்கும், வழிகாட்டிக்கு இனாம் தனி. ஒன்டாரியோவில் கேபின், படகு, பெட்ரோல், வழிகாட்டி எல்லாம் தனித்தனிக் கணக்கு. கூட்டிப் பார்த்தாலும் நால்வருக்கு அதுதான் குறைவாக வரும், வேனை ஓட்டிக்கொண்டே போகலாம் என்பதால். மினியாபொலிஸிலிருந்து எல்லைக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம்.

எல் சால்ட்டோவுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2024 வறட்சியில் சினலோவா அணைகள் பலவும் அடிமட்டத்துக்கு இறங்கின. மெக்சிகோ நீர் ஆணையமான கொனாகுவா அணைகளின் நீரளவைத் தினமும் வெளியிடுகிறது. எல் சால்ட்டோ அங்கே ஆரெலியோ பெனாசினி என்ற பெயரில் இருக்கும். சதவீதம் ஒற்றை இலக்கத்தில் இருந்தால், படகு எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்று லாட்ஜைக் கேட்டுவிட்டுக் கடன் அட்டையை எடுங்கள்.