ரைட்டரில் தமிழ் ஸ்டைல்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்தது

மண்டபம் ஊரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மீனவர் சங்கப் பட்டியல், கலெக்டர் ஆபிஸ் மனு, கடல்பாசி எடுக்கும் பெண்கள் குழுவின் தீர்மானம், கந்தூரி நோட்டீஸ் என எல்லாமே லிப்ரே ஆபிஸ் ரைட்டரில்தான். 2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள் இது. ஸ்டைல் வசதிக்காகவே இதை விடாமல் வைத்திருக்கிறேன். ஃபான்ட், அளவு போன்றவற்றை ஒரு பெயரில் சேர்த்து வைத்து, அதை ஒரு இடத்தில் மாற்றினால் அது போட்ட பத்திகள் எல்லாம் மாறுவதுதான் ஸ்டைல். ஆனால் தமிழில் அடிக்கும் பலர், ஸ்டைலை மாற்றினால் எழுத்து மாறவில்லை என்று அலுத்துப்போய் அதைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயத்தில் நிவாரணப் பட்டியல்கள் குவியும். ஒரு வரியில் படகின் பதிவு எண் ஆங்கில எழுத்தில் இருக்கும், பக்கத்தில் உரிமையாளர் பெயர் தமிழில். "அக்கா, பேரெல்லாம் பொடிசா இருக்கு, பெரியவங்களுக்குத் தெரியாது" என்பார் சங்கத்துத் தம்பி. எஃப் 11 அழுத்தி ஸ்டைல் பட்டியலைத் திறந்து, அந்த ஸ்டைலில் எழுத்தின் அளவு 11-ஐ 14 ஆக்கினால் பதிவு எண் மட்டும் பெரிதாகும். பெயர் இருந்தபடியே இருக்கும்.

காரணம், ரைட்டர் ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் ஃபான்ட்டை மூன்றாகப் பிரித்து வைக்கிறது: வெஸ்டர்ன், ஏசியன், காம்ப்ளக்ஸ். ஆசிய மொழிதானே என்று தமிழை ஏசியனில் தேடக்கூடாது. அது சீனம், ஜப்பானியம், கொரியனுக்கு. தமிழும் அரபியும் காம்ப்ளக்ஸில் வரும். ஃபான்ட், அளவு, தடிப்பு மூன்றையும் அங்கேயும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டில் டிக் போடாவிட்டால் அந்த இடமே கண்ணில் படாது. இதை இன்னும் வெளிப்படையாக வைத்திருக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அதையும் சரிசெய்த பிறகு சில வரிகள் மட்டும் அசையாவிட்டால், யாரோ மேல்பட்டையில் கைவைத்து அளவை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நேரடியாகக் கொடுத்த அலங்காரம் ஸ்டைலை மீறி நிற்கும். அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் எம் அழுத்தினால் அது கழன்று, ஸ்டைல் சொன்னபடி வரும். தேவையான தடித்த எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்பதால், முக்கியமான சொற்களுக்கு, பத்திக்கு இல்லாமல் சொல்லுக்கு மட்டும் போடும் கேரக்டர் ஸ்டைல் கொடுத்துவிடுவேன். எந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க 7.1 பதிப்பிலிருந்து ஸ்டைல் இன்ஸ்பெக்டர் இருக்கிறது. 7.6-இல் வந்த ஸ்பாட்லைட் எந்தப் பத்தியில் எந்த ஸ்டைல் என்று ஓரத்தில் நிறமும் எண்ணும் போட்டுக் காட்டும். அடுத்தவர் அடித்த ஃபைலைத் திறந்தால் நான் முதலில் போடுவது அதைத்தான்.

கண்ட்ரோல் எம்முக்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சங்கங்களில் இன்னமும் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த ஃபைல்கள் உண்டு. பார்க்கத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ஃபான்ட் கழன்ற நொடியில் பக்கம் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கிலமாகிவிடும். பயப்பட வேண்டாம், கண்ட்ரோல் இசட் அழுத்தினால் திரும்பிவிடும். பாதி பாமினி, பாதி யூனிகோட் (உள்ளேயும் தமிழாகவே இருக்கும் இப்போதைய முறை) என்று கலந்த ஃபைலில் பாமினிப் பகுதி வெஸ்டர்னுக்கும் யூனிகோட் பகுதி காம்ப்ளக்ஸுக்கும் கட்டுப்படும். அதில் ஸ்டைலோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை. கன்வெர்ட்டரில் போட்டு முழுவதையும் யூனிகோட் ஆக்கிவிட்டுத்தான் அலங்காரத்தில் இறங்க வேண்டும்.

அப்புறம், ஒரு பத்தியை நடுவில் வைத்தால் அதே ஸ்டைலில் உள்ள மற்ற பத்திகளும் நடுவுக்கு ஓடினால், அந்த ஸ்டைலைத் திருத்தும் பெட்டியில் ஆட்டோஅப்டேட் டிக் இருக்கும். எடுத்துவிட்டால் போதும்.