எங்கள் தெரு ரோடு: நகராட்சியின் சாலைப் பராமரிப்புக்கு ஐந்தில் ஒன்றரை

எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மண் போட்டு மூடிவிட்டுப் போனவர்கள், பதினாலு மாதம் கழித்துத்தான் தார் போட வந்தார்கள். இடையில் முதல் மழைக்கே மண் உள்வாங்கிவிட்டது. எதிர்வீட்டு அக்கா அதில் ஸ்கூட்டரோடு விழுந்து மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் கட்டுப்போட்டிருந்தார். ஆன்லைனில் மூன்று முறை புகார் கொடுத்தேன், மூன்று முறையும் யாரும் வந்து பார்க்காமலே "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மெசேஜ் அனுப்பிப் புகாரை முடித்துவிட்டார்கள். புகார்ப் பிரிவுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பூஜ்யம்.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு லாரியும் ரோலரும் வந்தன. பழைய தாரைச் சுரண்டவே இல்லை, மண்ணைக்கூடச் சரியாகக் கூட்டாமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி ஓட்டினார்கள். எங்கள் வீடு கட்டும்போது வாசலில் நான்கு படி இருந்தது. ஒவ்வொரு தடவையும் ரோட்டு மேல் ரோடு போட்டுப் போட்டுக் கடைசியில் ஒன்றரைப் படிதான் வெளியே தெரிந்தது. கடைசி வீட்டுத் தாத்தாவுக்கு அதுவும் இல்லை, மழை பெய்தால் தெருத் தண்ணீர் நேராக அவர் ஹாலுக்குள்தான் போனது.

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு (இதைத்தான் மில்லிங் என்பார்கள்) அதே உயரத்துக்குத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். அதை நகராட்சி ஜேஇயிடம் (இளநிலைப் பொறியாளர்) சொன்னேன். "எஸ்டிமேட்ல மில்லிங் கிடையாது மேடம், இருக்கறதத்தான் நாங்க செய்ய முடியும்" என்றார். கவுன்சிலரும் அதையே சொன்னார்.

சரி, அந்த எஸ்டிமேட்டையே பார்த்துவிடலாம் என்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம்-புக் மூன்றின் நகலும் கேட்டேன். (ஒர்க் ஆர்டர் என்பது கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் வேலை உத்தரவு, எம்-புக் என்பது அளவைப் புத்தகம். செய்த வேலையை அளந்து அதில் எழுதுவார்கள், அதை வைத்துத்தான் கான்ட்ராக்டருக்குப் பில் பாஸ் ஆகும்.) 30 நாள் கெடு தாண்டியும் பதில் இல்லை. 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு செய்த பிறகுதான், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் வந்தது.

வாங்கிப் பார்த்தால் எஸ்டிமேட்டில் மில்லிங் இருக்கிறது. எம்-புக்கிலும் தெரு முழுக்கச் சுரண்டியதாக அளவு போட்டு எழுதிக் கையெழுத்தும் ஆகியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. நடக்காத வேலையை நடந்ததாக எழுதியிருக்கிறார்கள், அதனால் ஹாலுக்குள் வந்த தெருத் தண்ணீரில் தாத்தா கால் வைத்து நடந்துகொண்டிருந்தார்.

அதே சட்டத்தின் 2(j) பிரிவில், வேலையை நேரில் பார்வையிடவும் பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது, எனக்கும் அதுவரை தெரியாது. அதைக் குறிப்பிட்டு இன்னொரு மனு போட்டேன். நகல்களைச் சேர்த்துக் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அடுத்த பத்து நாளில் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஏஇ (உதவிப் பொறியாளர்) நேரில் வந்தார். மூன்று இடத்தில் வெட்டி எடுத்து எங்கள் முன்னாலேயே அளந்தார். 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தார் ஒரு இடத்தில்கூட 20-ஐத் தொடவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை, அளவை எழுதி எங்களிடமும் கையெழுத்து வாங்கினார். நான் கொடுக்கும் ஒன்றரை மதிப்பெண்ணில் ஒன்று அவருக்குத்தான்.

மீதி அரை, கடைசி வீட்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் சுரண்டி மறுபடி போட்டதற்கு. தாத்தா வீட்டு வாசலில் இப்போது ஒரு படி தெரிகிறது. மீதித் தெரு அப்படியே கிடக்கிறது. முதலில் எம்-புக்கில் கையெழுத்துப் போட்டவர்கள் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்ட மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை, அதற்கும் மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

உங்கள் தெருவில் ரோடு போடப்போகிறார்கள் என்று தெரிந்தால், லாரி வருவதற்கு முன்பே ஒர்க் ஆர்டர் நகலைக் கேளுங்கள். போட்ட ரோடு கெட்டுப்போனால் எத்தனை வருஷம் வரை கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசல் படியில் டேப் வைத்துத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, அந்த ஒரு போட்டோ இருந்திருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.