ஹிம்ஸ், சைம், பிரிட்டன் வலையமைப்புகள்: மருத்துவமனை டிஜிட்டல் தலைவர்கள் எங்கே சேரலாம்?

பெரிய மருத்துவமனை ஒன்றின் ஐடி பொறுப்பில் இருப்பவருக்கு, அந்தக் கட்டடத்துக்குள் தன் வேலையைப் பற்றி மனம்விட்டுப் பேச ஆள் கிடைப்பதில்லை. டாக்டருக்குப் பக்கத்து அறையில் இன்னொரு டாக்டர் இருப்பார். இவர் ஒற்றை ஆள். சர்வர் படுத்தால் ஊரே தேடும், ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஞாபகம் வராது. அதனால்தான் இந்த வேலையில் இருப்பவர்கள் வெளியே கூட்டு தேடுகிறார்கள். ஐடியைக் கையில் எடுத்துக்கொண்ட மருத்துவர்கள், நர்ஸ்கள் கதையும் அதேதான்.

எங்கே சேரலாம் என்று விசாரித்தால் ஹிம்ஸ், சைம், அமியா என்று அமெரிக்கப் பெயர்கள் வரிசையாக வரும். பிரிட்டனில் இருப்பவர் வேறு பட்டியல் சொல்வார். எல்லா அமைப்புகளும் தங்களைப் பற்றி ஏறக்குறைய ஒரே வாசகத்தைத்தான் எழுதி வைத்திருக்கின்றன. உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, அந்தக் கூட்டத்தை நடத்த யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. அங்கே என்ன பேசலாம், என்ன பேச முடியாது என்பது அநேகமாக அதிலேயே தெரிந்துவிடும்.

ஹிம்ஸ்: எல்லோருக்கும் திறந்த கதவு

இந்தப் பட்டியலில் மூத்ததும் பெரியதும் ஹிம்ஸ். 1961-ல் ஜார்ஜியா டெக் வளாகத்தில் பிறந்தது. மருத்துவமனை வேலைகளை எப்படிச் சீராக ஓட்டுவது என்று யோசித்த தொழில்துறைப் பொறியாளர்களின் சங்கம்தான் முதலில். இன்று சிகாகோவிலிருந்து இயங்குகிறது. மாணவர், நர்ஸ், ஆலோசகர், சாஃப்ட்வேர் விற்பவர் என யார் வேண்டுமானாலும் உறுப்பினர் ஆகலாம். வருடாந்திரக் கண்காட்சிக்கு வருபவர்கள் பல்லாயிரம் பேர். 2023-ல் அந்தக் கண்காட்சியை நடத்தும் பொறுப்பை இன்ஃபார்மா என்ற கண்காட்சி நிறுவனத்திடமே கொடுத்துவிட்டார்கள். அதாவது, அது சந்தை என்பதை அவர்களே மறைக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான பொருள்களைப் பார்க்க வேண்டும் என்றால் போகலாம். "எங்கள் மருத்துவமனையில் புது சாஃப்ட்வேர் ஊத்திக்கிச்சு, என்ன செய்யலாம்" என்று பேச அது இடமில்லை. பக்கத்தில் நிற்பவரே அந்த சாஃப்ட்வேரை விற்றவராக இருக்கலாம்.

ஆனால் ஹிம்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. எம்ராம் என்ற அளவுகோல். பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எட்டுப் படிகள். ஒரு மருத்துவமனையின் மின்னணுப் பதிவு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று அதில் மதிப்பிடுவார்கள். மேல்படிகளில் கேட்கப்படும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மருந்து கொடுக்கும் நர்ஸ் முதலில் நோயாளியின் கைப்பட்டையிலுள்ள பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும், பிறகு மருந்து உறையில் உள்ளதை. இரண்டும் டாக்டர் எழுதியதோடு ஒத்துப்போனால்தான் திரை விடும். கேட்கச் சுலபம். வார்டில் ஸ்கேனரின் சார்ஜ் தீர்ந்திருக்கும், கைப்பட்டை நனைந்து கோடு அழிந்திருக்கும், மாத்திரையை மருந்தகத்தில் வெட்டிக் கொடுத்ததில் பார்கோடு இன்னொரு துண்டோடு போயிருக்கும். அப்போது நர்ஸ் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தப் படிகளை வைத்து நிர்வாகத்திடம் பட்ஜெட் கேட்பதற்கு ஹிம்ஸ் உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சைம்: சமமானவர்கள், ஆனால் விருந்து யாருடையது?

சைம் 1992-ல் தொடங்கியது. சிஐஓக்கள், அதாவது மருத்துவமனையின் தகவல் துறையை முழுப் பொறுப்பில் நடத்துபவர்கள், அவர்களுக்காக என்றே. பிறகு வேறு டிஜிட்டல் தலைமைப் பதவிகளில் இருப்பவர்களுக்கும் கதவு திறந்தது. விற்பவர்கள் தனி வழியில், சைம் அறக்கட்டளையின் உறுப்பினர்களாகத்தான் உள்ளே வரலாம். புதிதாகப் பதவிக்கு வருபவர்களுக்கு 'பூட் கேம்ப்' என்று சில நாள் தீவிரப் பயிற்சி உண்டு. பழைய சிஐஓக்களே பாடம் எடுப்பார்கள். தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கலாம். என் பார்வையில் அமெரிக்க அமைப்புகளில் பதவிக்குப் புதியவருக்கு அதிகம் பயன்படுவது இந்தப் பயிற்சிதான். சான்றிதழின் மதிப்பு அமெரிக்காவைத் தாண்டினால் குறைந்துவிடும்.

பல வருடங்கள் ஹிம்ஸ் கண்காட்சியை ஒட்டியே சைமின் சிஐஓ கூட்டமும் நடந்தது. 2022-ல் சைம் தனிக்குடித்தனம் போய்விட்டது. ஹெல்த் என்ற மாநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து வைவ் என்ற புது நிகழ்ச்சியை மியாமி பீச்சில் நடத்தியது. அதற்கு அடுத்த வாரமே, அதே ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில் ஹிம்ஸ். எதற்குப் போவது என்று வெண்டர்கள், அதாவது சாஃப்ட்வேர் விற்பவர்கள், தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

இந்த வகை நிகழ்ச்சிகளில் ஒரு ஏற்பாடு உண்டு. வாங்கும் அதிகாரம் உள்ள மருத்துவமனைத் தலைவருக்கு நுழைவுச் சீட்டு இலவசம், பயணச் செலவிலும் ஒரு பங்கு கிடைக்கும். பதிலுக்கு அவர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வெண்டர்களோடு சில நிமிடச் சந்திப்புகளில் உட்கார வேண்டும். இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பயணத்துக்குக் காசு ஒதுக்காத மருத்துவமனையிலிருந்து வருபவருக்கு வேறு வழியில்லை. ஆனால் அங்கே அவர் பாதி விருந்தாளி, பாதி சரக்கு. அது தெரிந்து போனால் சரி.

அமியாவுக்கு ஒரு பத்தி போதும். அது ஆய்வாளர்களின் வீடு. 1994 முதல் அதன் ஆய்விதழ் வருகிறது. மருத்துவத் தகவலியல், அதாவது மருத்துவத் தகவல்களைக் கணினியில் கையாளும் துறை, அமெரிக்காவில் 2011-ல் மருத்துவர்களுக்கான துணைச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றதில் அமியாவின் உழைப்பு பெரிது. முதல் தேர்வு 2013-ல் நடந்தது. கணினித் திரையில் எழும் எச்சரிக்கைப் பெட்டிகளை டாக்டர்கள் ஏன் படிக்காமலேயே மூடுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டுமா, இங்கே வாருங்கள். பட்ஜெட் சண்டைக்கு ஆலோசனை கிடைக்காது.

பிரிட்டன்: ஒரே முதலாளி தரும் வசதி

பிரிட்டனின் நிலைமை வேறு. அங்கே ஏறக்குறைய எல்லோரும் என்எச்எஸ் என்ற ஒரே பொதுச் சுகாதார அமைப்புக்குள் வேலை செய்கிறார்கள். பக்கத்து ஊர் மருத்துவமனை போட்டியாளர் அல்ல. அதனால் தோல்வியைப் பேச வாய் கூசுவதில்லை. பேசுவதற்குத் தோல்விகளும் நிறைய. 2002-ல் தொடங்கிய தேசியக் கணினித் திட்டத்தில் கோடிக்கணக்கான பவுண்டுகளைக் கொட்டி, 2011-ல் அதைக் கலைத்தார்கள். 2016-ல் ராபர்ட் வாக்டர் என்ற அமெரிக்க மருத்துவர் தலைமையில் வந்த அறிக்கை, தகவலியலில் பயிற்சி பெற்ற மருத்துவத் துறையினர் என்எச்எஸ்ஸில் மிகவும் குறைவு என்றது. சராசரி டிரஸ்ட் ஒன்றுக்கு ஐந்து பேராவது வேண்டும் என்று கணக்கும் சொன்னது. டிரஸ்ட் என்றால் ஒரு வட்டாரத்தின் மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாகம்.

அங்கே போட்டியிடும் இரண்டு அமைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டிஜிட்டல் ஹெல்த் நெட்வொர்க்ஸ் ஒரு ஊடக நிறுவனம் நடத்துவது. டாக்டர்களில் தகவல் தலைமை ஏற்றவர்களுக்கு ஒன்று, நர்ஸ்களுக்கு ஒன்று, ஐடி தலைவர்களுக்கு ஒன்று எனத் தனித்தனிக் குழுக்கள். என்எச்எஸ் ஊழியர்களுக்கு இலவசம். செலவை விளம்பரதாரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கோடையில் பல்கலைக்கழக வளாகத்தில் கூடுவார்கள். ஃபேகல்டி ஆஃப் கிளினிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ் 2017-ல் வந்தது. உறுப்பினர் சந்தாவில் ஓடுவது, அனுபவத்தை மதிப்பிட்டுத்தான் உள்ளே சேர்ப்பார்கள். மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் எல்லோருக்கும் ஒரே வாசல். முன்னதில் நாளைக் காலை வேலைக்கு உதவும் பதில் கிடைக்கும். பின்னதில் பத்து வருடம் கழித்தும் பெயருக்குப் பின்னால் நிற்கும் தகுதி கிடைக்கும். நான் அங்கே இருந்தால் முதலாவதில் உடனே சேர்வேன், இரண்டாவதற்கு மெதுவாக விண்ணப்பிப்பேன்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை அன்று வான்னாகிரை வைரஸ் தாக்கியபோது, இங்கிலாந்தின் 236 டிரஸ்ட்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. மின்னஞ்சலை நம்ப முடியவில்லை. பல இடங்களில் சொந்தக் கைபேசியில் வாட்ஸ்அப் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே எழுதியது. அந்த மாதிரி வெள்ளிக்கிழமையில் பக்கத்து டிரஸ்ட்காரரின் நம்பர் கையில் இருந்தால் அதற்கு முன் கட்டிய சந்தா எல்லாம் வசூல். அந்த நம்பரைக் கொடுக்கும் கூட்டம் எது என்று பார்த்துச் சேருங்கள்.

நம் பக்கம்

இந்தியாவில் 1993 முதல் மருத்துவத் தகவலியல் சங்கம் ஒன்று இருக்கிறது. அது அமியா வகை, கல்வி சார்ந்தது. சைம் போன்ற ஒன்று இங்கே வலுவாக வேர்விடாததற்குக் காரணம் இருக்கிறது. நம் தனியார் மருத்துவமனைகள் ஒன்றுக்கொன்று நேரடிப் போட்டி. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் என்ற, பூட்டிவைத்துப் பணம் கேட்கும் மென்பொருள் முடக்கியபோது, எல்லோரும் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றுதான்: உள்ளே எப்படி வந்தார்கள்? இந்த மாதிரிக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் தர நம் வாட்ஸ்அப் குழுக்களில் யாரும் முன்வருவதில்லை. அந்தக் குழுக்களில் பாதிப் பேர் வெண்டர்கள் வேறு. நடுத்தர மருத்துவமனைக்கு எம்ராம் எட்டாது என்றால், மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்ஏபிஹெச் 2023-ல் வெளியிட்ட டிஜிட்டல் தரநிலைகளில் தொடங்குவது நடைமுறைக்கு ஒத்து வரும்.

இலங்கை வேறு வழியில் போனது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம் 2009-ல் மருத்துவர்களுக்கு உயிர்மருத்துவத் தகவலியல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அதில் படித்தவர்கள் சுகாதார அமைச்சுக்குள்ளேயே பரவினார்கள். சங்கம் என்று போர்டு மாட்டாமலே ஒரு வலையமைப்பு உருவாகிவிட்டது. 2020 தொடக்கத்தில், கொரோனா உலகெங்கும் பரவும் முன்பே, வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்க டிஎச்ஐஎஸ்2 என்ற இலவச மென்பொருளில் ஒரு பதிவு முறையை அங்கே அமைத்தார்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்க்கும் மென்பொருள் அது. அந்த வேலையை அடிப்படையாக வைத்துப் பல நாடுகள் தங்கள் முறையைக் கட்டின. டிஎச்ஐஎஸ்2 சமூகத்தில் சேரக் காசு வேண்டாம்; நன்கொடை அமைப்புகளின் பணத்தில் ஓடுகிறது. 2011-ல் தொடங்கிய ஆசிய மின்சுகாதார வலையமைப்பான ஏஹினும் இதே ரகம். அரசு வேலையில் இருப்பவர் இந்த இரண்டையும் தாண்டி அமெரிக்கச் சந்தா கட்டுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. தனியார் மருத்துவமனை ஐடி தலைவருக்கு அங்கேயும் நாற்காலி இல்லை. காப்பீட்டு பில்லிங்கும் வெண்டர் ஒப்பந்தமும் அந்தக் கூட்டங்களில் பேச்சாக வருவதே அபூர்வம்.