கேமில் சேரும் அந்நியர்: தடை, பூட்டு, உளவு, செட்டிங், கூட இருப்பது – எது எதுவரை உதவும்?

பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற போன் கேமில் ஒரு ஸ்குவாடு, அதாவது அணி; அதில் நான்கு பேர். உங்கள் பையன், அவன் வகுப்பில் இரண்டு பேர், ரேண்டமாக வந்து சேர்ந்த நான்காவது ஆள். அந்த நான்காவது ஆள் நன்றாக ஆடுவார், பையன் அடிபட்டு விழுந்தால் ஓடிவந்து ரிவைவ் செய்வார். ஒரே வாரத்தில் ‘அண்ணன்’ ஆகிவிடுவார். இப்படி வருபவர்களில் பெரும்பாலோர் ஆட மட்டுமே வந்தவர்கள். கெட்ட நோக்கத்தோடு வருபவரும் முதல் வாரம் இதையேதான் செய்வார் என்பதால், ஆட்டத்தை வைத்து ஆளை எடைபோட முடியாது.

வித்தியாசம் அதற்குப் பிறகு தெரியும். முதலில் பரிசு: யூசி, டயமண்ட் போன்ற கேம் காசு, அல்லது ஒரு ஸ்கின் (கேம் ஆளுக்கான உடை, அலங்காரம்). அடுத்து இடமாற்றம்: “ப்ரோ, இங்க சாட் லேக் ஆவுது, இன்ஸ்டா ஐடி தா.” மூன்றாவது ரகசியம்: “வீட்டுல சொல்லாத, போனைப் பிடுங்கிருவாங்க.” அப்புறம் அந்தரங்கப் போட்டோ கேட்பது. கையில் போட்டோ சிக்கியதும் மிரட்டல். பெண்பிள்ளைகளுக்குத்தான் இது நடக்கும் என்று நினைக்க வேண்டாம். பணம் கேட்டு மிரட்டும் வகையில் அதிகம் சிக்குவது 14 முதல் 17 வயது ஆண்பிள்ளைகள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பலமுறை எச்சரித்திருக்கிறது.

இந்தச் சங்கிலி முழுவதும் ஒரே ஒரு பயத்தில் தொங்குகிறது: வீட்டுக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்ற பயம். அதனால் கீழே வரும் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளக்கிறோம். மிரட்டல் வந்த ராத்திரியில், பிள்ளை உங்களை எழுப்பிச் சொல்லுமா?

முழுத் தடை

கேமை அழிப்பது, போனை வாங்கிப் பூட்டுவது. பத்து வயதுக்குக் கீழே இது போதும், நல்லதும்கூட. அந்த வயதில் அந்நியரோடு வாய்ஸ் சாட் தேவையே இல்லை.

பதினான்கு வயதில் கதை வேறு. மார்த்தாண்டத்தில் டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் அரை மணி நேரம் போதும். நண்பன் போனில், நண்பன் ஐடியில் ஆட்டம் தொடரும். அந்த ஐடியில் என்ன செட்டிங் இருக்கிறது, யார் யார் பிரெண்ட் லிஸ்டில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு எதுவும் தெரியாது. தடையை மீறித்தான் ஆடினான் என்பதால், மிரட்டல் வந்தால் இரண்டு குற்றத்தைச் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டிவரும். சொல்ல மாட்டான். மிரட்டுபவருக்கு இதைவிட வசதி வேறு வேண்டாம். எங்கள் அளவுகோலில் பதின்வயதுக்கு இந்த வழி தோற்றுப்போகிறது.

ஃபேமிலி லிங்க் போன்ற பூட்டு

கூகுளின் ஃபேமிலி லிங்க் இலவசம். ஐபோனில் இதே வேலையை ஸ்கிரீன் டைம் செய்கிறது. புதிய ஆப் இறக்க உங்கள் ஒப்புதல் கேட்கும், ஆப் வாரியாக நேரம் வைக்கலாம், இரவு 10 முதல் காலை 6 வரை போனைப் பூட்டலாம், பிள்ளை எங்கே இருக்கிறது என்று மேப்பில் பார்க்கலாம்.

சாட்டில் யார் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் அது காட்டாது. இதை மறந்துவிட்டு, ‘ஃபேமிலி லிங்க் போட்டாச்சு, இனிப் பயமில்லை’ என்று இருப்பதுதான் பெரிய ஓட்டை. பூட்டு நேரத்தைக் காக்கும்; ஆளைக் காக்காது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அப்பா வளைகுடாவில் இருந்தால் பிரச்சினை இல்லை. அங்கிருந்தே ஒப்புதல் கொடுக்கலாம். தூத்தூர், குளச்சல் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் அப்பாவின் போனில் மட்டும் நிர்வாகத்தை வைத்தால், கரை திரும்பும் வரை எந்தக் கோரிக்கைக்கும் பதில் போகாது. பிள்ளை அவசரப்படுத்த, அம்மா தன் போனையே கொடுத்துவிடுவார். அந்தப் போனில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை, யுபிஐ வேறு இருக்கும். ஆகவே குடும்பக் குழுவில் அம்மாவையும் பெற்றோராகச் சேர்த்துவிடுங்கள். அம்மா போனைத் திறக்கும் பின் எண், யுபிஐ பின் இரண்டையும் பிள்ளைக்குத் தெரியாதபடி மாற்றுங்கள். வீட்டு மேசையில் கிடக்கும் பழைய போன்களையும் மறக்காதீர்கள். சிம் இல்லாவிட்டாலும் வைஃபையில் ஓடும்.

ரகசிய உளவு ஆப்

பிள்ளையின் மெசேஜ் எல்லாம் உங்கள் போனுக்கு வரும் என்று விற்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இவற்றில் பல பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து, கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்டை அணைத்துவிட்டு நிறுவச் சொல்பவை. பிள்ளையின் சாட்டும் போட்டோவும் யாருடையது என்றே தெரியாத சர்வருக்குப் போகும். அந்நியரிடமிருந்து காப்பாற்றப் போய் இன்னொரு அந்நியரிடம் கொடுத்த கதை. பிள்ளை கண்டுபிடித்துவிட்டால், அதன்பிறகு முக்கியமான எதையும் உங்களிடம் சொல்லாது.

கேமுக்குள்ளேயே உள்ள செட்டிங்

பெரும்பாலான வீடுகள் தொடாமல் விடும் இடம் இது. உண்மையில் அதிகம் தடுப்பதும் இதுதான்.

முதல் வேலை பிறந்த தேதி. பிஜிஎம்ஐ 2021இல் வந்தபோதே 18 வயதுக்குக் கீழ் என்று பதிந்தவர்களுக்குப் பெற்றோர் எண்ணுக்கு ஓடிபி, நாளுக்கு 3 மணி நேர வரம்பு, செலவுக்கு ரூ.7,000 தினசரி உச்சவரம்பு என்று வைத்தார்கள். 18 ஆகிவிட்டது என்று ஒரு தட்டுத் தட்டினால் அத்தனையும் போய்விடும். இன்ஸ்டாகிராமிலும் அப்படியே. டீன் அக்கவுண்ட் என்றால் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், அறிமுகமில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் இந்த வேலி கிடையாது. பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கிலும் தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் திட்டாமல் திருத்துங்கள்.

அடுத்தது குரல். பிஜிஎம்ஐயில் ஸ்பீக்கர், மைக் இரண்டுக்கும் ‘ஆல்’, ‘டீம்’, ‘ஆஃப்’ என்ற தேர்வுகள் உண்டு. ‘ஆல்’ ஒருபோதும் வேண்டாம். மேட்ச் தொடங்குமுன் வரும் லாபி திரையில் ஆட்டோ மேட்ச்சை எடுத்துவிட்டால், தெரிந்த மூன்று பேர் மட்டும் இருந்தாலும் மூன்று பேராகவே மேட்ச் தொடங்கும். நான்காவது இடத்துக்கு அந்நியர் வரமாட்டார். ஒரு ஆள் குறைவதால் தோற்பது கூடும், அதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவனே அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுவான். ரேண்டம் ஆளோடு ஆடியே தீரவேண்டும் என்றால் மைக்கை அணைத்து, குவிக் சாட்டிலும் (கேமில் தயாராக இருக்கும் குறுவாக்கியங்கள்) மேப்பில் குறியிட்டும் ஆடலாம். ‘எதிரி முன்னால்’ என்று சொல்ல அது போதும்.

குரலா எழுத்தா, எது பாதுகாப்பு என்று கேட்டால் எழுத்து. குரலைக் கேட்டால் வயது தெரிந்துவிடும் என்று நம்புகிறோம். ஆனால் குரல் மாற்றும் ஆப் யாருக்கும் கிடைக்கும். பேசியது காற்றோடு போய்விடும், எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம்.

ரோப்லாக்ஸ் என்ற கேம் தளத்தில் ஆடும் சின்னப் பிள்ளைகள் இருந்தால், பெற்றோர் தன் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, அடையாளத்தைச் சரிபார்த்து, பிள்ளை கணக்கோடு இணைக்கலாம். நண்பர் பட்டியலை அங்கிருந்தே பார்க்கலாம். 2024 நவம்பர் முதல், 13 வயதுக்குக் கீழுள்ளவர்கள் ஆட்டத்துக்கு வெளியே தனி மெசேஜ் அனுப்பப் பெற்றோர் அனுமதி வேண்டும்.

டிஸ்கார்டு என்ற சாட் ஆப்தான் கவனம் அதிகம் வேண்டிய இடம், ஏனென்றால் ஸ்குவாடுகள் பேச அங்கேதான் போகின்றன. குறைந்தபட்ச வயது 13. சர்வரில் (டிஸ்கார்டில் குழுவுக்கு அதுதான் பெயர்) இருக்கும் யாரும் நேரடி மெசேஜ் அனுப்பலாம் என்ற அனுமதியை அணையுங்கள். பிரெண்ட் ரிக்வெஸ்டில் ‘எவ்ரிஒன்’ என்பதை எடுத்துவிடுங்கள். பெற்றோருக்கென 2023இல் வந்த ஃபேமிலி சென்டரை, பிள்ளையின் போனில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து இணைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த நண்பர்கள், சேர்ந்த சர்வர்கள், யாரோடு மெசேஜ், யாரோடு கால் என்பது தெரியும். என்ன பேசினார்கள் என்பது தெரியாது. பதின்வயதுக்கு இதுதான் சரியான அளவு. பெயர் தெரிந்தால் “இது யாரு மக்களே?” என்று கேட்கலாம், அந்தரங்கத்தைப் படித்த குற்றமும் இல்லை.

வாட்ஸ்அப்பில் குரூப்பில் சேர்க்கும் அனுமதியை ‘மை காண்டாக்ட்ஸ்’ ஆக்குங்கள். டெலிகிராமில் போன் நம்பரை ‘நோபடி’ என்று மறையுங்கள். ஸ்னாப்சாட்டில் பிள்ளை இருக்கும் இடத்தை மறைக்கும் கோஸ்ட் மோடு.

செட்டிங்குக்கும் எல்லை உண்டு. பலவற்றைப் பிள்ளையே திரும்ப மாற்றலாம். அதனால் அடுத்த வழி இல்லாமல் இது நிற்காது.

கூட இருப்பது

காவல் காப்பதைச் சொல்லவில்லை. கேம் முன்னறையில் நடக்கும், அறையைப் பூட்டிக்கொண்டு நடக்காது. ஹெட்போன் போட்டால் உங்களுக்குப் பாதிப் பேச்சுத்தான் கேட்கும். ஆகவே தினமும் ஒரு மேட்சாவது ஸ்பீக்கரில். இரவில் எல்லாப் போனும், பெரியவர்கள் போன் உட்பட, அடுக்களையில் சார்ஜில். வாரம் ஒருமுறை பிரெண்ட் லிஸ்டை இருவரும் சேர்ந்து பார்த்து, நேரில் தெரிந்தவர், நண்பனுக்கு நேரில் தெரிந்தவர், யாருக்குமே தெரியாதவர் என்று பிரிக்க வேண்டும். மூன்றாவது வகையோடு கேமுக்குள் ஆடலாம். கேமைத் தாண்டி எங்கும் போகக் கூடாது, பரிசு வாங்கக் கூடாது, பள்ளிப் பெயரும் ஊர்ப் பெயரும் சொல்லக் கூடாது. ‘ஐடி பாஸ்வேர்டு தா, நானே டயமண்ட் போடுறேன்’ என்பவர் எந்த வகையில் இருந்தாலும் பிளாக்.

எல்லாவற்றையும்விடக் கனமானது ஒரு வாக்கு. வாய்விட்டு, பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: “மக்களே, என்ன நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லணும், கேட்டியா. போனைப் பிடுங்க மாட்டேன், அடிக்கவும் மாட்டேன்.” இந்த வாக்கைச் சின்ன விஷயத்தில் ஒருமுறை மீறினால் போதும், பெரிய விஷயம் உங்களிடம் வராது. நேரம் அதிகம் கேட்கும் வழி இது. வேலைக்குப் போய்த் திரும்பும் அம்மாவுக்கு எளிதில்லை என்பது தெரியும். ஆனாலும் எங்கள் கேள்விக்கு ‘சொல்லும்’ என்று பதில் வரும் வழி இது ஒன்றுதான். பதின்வயதுக்கு எங்கள் தேர்வு: இது அடித்தளம், இதன்மேல் கேம் செட்டிங், அதன்மேல் இரவு நேரத்துக்கு மட்டும் ஃபேமிலி லிங்க்.

“நேரில் பார்ப்போம்” என்றால்

திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் ஸ்குவாடில் இருப்பது குமரியில் சாதாரணம். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே நிற்கலாம், அதனால் சந்திப்பு வெறும் பேச்சாக நிற்காது. ‘மண்டைக்காடு கொடைக்கு வாரேன், அங்க பாக்கலாம்’ என்பது பாதுகாப்பாகத் தோன்றும், கூட்டம் இருக்கிறதே என்று. அந்தக் கூட்டத்தில்தான் ஒரு பிள்ளை யாரோடு போகிறது என்று யாரும் கவனிப்பதில்லை. 16 வயதுக்குக் கீழே சந்திப்பே வேண்டாம். அதற்கு மேல் என்றால் முதலில் பெற்றோர் பக்கத்தில் இருக்க வீடியோ கால். கேமரா கெட்டுப்போச்சு என்று இரண்டாம் முறையும் சொல்பவரோடு தொடர்பை முடித்துவிடலாம். பிறகு பகலில், நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில், நீங்கள் கூடப்போய், உங்கள் வண்டியில் திரும்பி.

மிரட்டல் வந்துவிட்டால்

பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் தொகை ஏறும், நிற்காது. சாட்டை அழிக்காதீர்கள். புரொஃபைல் பக்கம், யூசர்நேம், கேமில் உள்ள எண் ஐடி, மிரட்டிய வரி, தேதி, பணம் கேட்ட யுபிஐ ஐடி, போன் நம்பர் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்தபிறகுதான் பிளாக். கேமில் பெயரை நொடியில் மாற்றலாம். அந்த எண் ஐடி மாறாது, அதை விடாதீர்கள். பிள்ளையின் படத்தை மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பி யோசனை கேட்க வேண்டாம், அப்படிப் பரப்புவதே சட்டப்படி குற்றமாகும். போலீசிடம் போனிலேயே காட்டலாம்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930. சைபர் கிரைம் தேசியத் தளத்தில், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பிள்ளை தானே பேச விரும்பினால் குழந்தைகள் உதவி எண் 1098. படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தை நீக்கும்.

“ஊருக்குத் தெரிஞ்சிரும்” என்ற அச்சத்தில்தான் பல வீடுகள் புகார் கொடுப்பதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். பிள்ளையின் பெயரோ படமோ பள்ளியோ ஊடகத்தில் வரக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். எடுக்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைக்க முடியாது. மிரட்டியவர் கேரளத்திலோ வேறெங்கோ இருந்தாலும், பக்கத்து ஸ்டேஷனிலேயே ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) பதியலாம். ‘எங்கள் எல்லை இல்லை’ என்று அங்கே சொன்னால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 173ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.