28,500 ரூபாவுக்கு அப்டேட்டின் வாயைக் கட்டிக் கொடுத்தார்கள்

நேற்றிரவுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. நித்திரை இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எனக்கு வழக்கம்போல "சரி, போகட்டும்" என்று வந்துவிடும். மட்டக்களப்பு டவுனுக்குள் லெப்டொப் திருத்தும் கடையொன்றில் 28,500 ரூபா கொடுத்து ஏமாந்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுக்க இருக்கிறேன், அதற்கு முன்னம் பெயரைப் போட்டு வேறு வில்லங்கத்தை வாங்காதீங்க மாமி என்று மருமகன், அண்ணனின் மகன், சொல்லிவிட்டான். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவர் முழுக்கத் தொங்கும் கேபிளும் பென்ட்ரைவும். அப்படியான கடைகள் இங்கிருந்து கல்முனை வரைக்கும் எத்தனையோ இருக்கின்றன.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம், ஆரம்பப் பிரிவு டீச்சர். இந்த லெப்டொப்பை 2021இல் வாங்கினேன், கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டி ஸூமில் படிப்பித்த காலம். விற்ற கடையிலேயே 256 ஜிபி எஸ்எஸ்டியை, அதாவது எல்லாவற்றையும் சேமிக்கும் டிஸ்க்கை, சி, டி என்று இரண்டாகப் பிரித்துத் தந்தார்கள். முக்கியமானதை எல்லாம் டியில் வையுங்கள் என்றார்கள், வைத்தேன். தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள் நான்கு வருடத்துக்கு, எல்லாம் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் நானே அடித்தவை. அம்மா இருந்தபோது எடுத்த படங்களும் அதில்தான்.

பிரச்சினை தொடங்கியது போன ஒக்டோபரில். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14உடன் ஆதரவு முடிகிறது, பிறகு பாதுகாப்பு அப்டேட் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். என்னுடைய மெஷின் விண்டோஸ் 11க்குத் தகுதி என்று அதுவே காட்டியது, இலவசம் என்றும் போட்டிருந்தது. அமத்தினேன். ராத்திரி முழுக்க இறங்கியது. டேட்டா போன அளவைப் பார்த்து மகள் கத்தினாள். காலையில் பாதி தூரம் போய் நின்று, மாற்றங்களை மீளப் பெறுகிறோம் என்று சொல்லிவிட்டுப் பழையபடி விண்டோஸ் 10க்கே வந்து நின்றது. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை ஒரு சிவப்பு எழுத்து: சீரோ எக்ஸ் 80070070. போனில் படம் எடுத்து வைத்தேன். நல்ல காலம், எடுத்து வைத்தேன்.

நான்காம் முறையும் தோற்றுப் போனதும் பஸ் ஏறி டவுனுக்குக் கொண்டுபோனேன்.

இனி நான் சொல்லப் போவது எனக்கே வெட்கம். கடைக்குள் போனதும் அந்தப் பொடியன் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டான். "வாங்க டீச்சர், இரிங்க" என்றான். நான் டீச்சர் என்று இவனுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தேன். "நான் உங்களிட்டப் படிக்கல்ல டீச்சர், என்ட தங்கச்சி படிச்ச" என்றான். தங்கச்சியின் பெயரையும் சொன்னான். எனக்கு அந்தப் பிள்ளையின் முகம் ஞாபகத்துக்கு வரவேயில்லை. ஆனால் வரவில்லை என்று சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. "ஓம் ஓம், நல்ல பிள்ளை" என்றேன். அந்த ஒரு சொல்லோடு என் கையிலிருந்த கேள்விகள் எல்லாம் முடிந்துவிட்டன. பிளேன்டீ வேறு வந்தது.

லெப்டொப்பைத் திறந்து கறுப்புத் திரையில் என்னவோ தட்டினான். வெள்ளை எழுத்து ஓடியது, சதவீதம் ஏறியது. நூறு வந்ததும் திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்க டீச்சர், கரப்ட் எண்டு போட்டிரிக்கி. இது சொப்ட்வெயார் பிரச்சினை இல்ல, டிஸ்க் அடிபட்டுட்டு. அதுதான் அப்டேட் ஏறுதில்ல" என்றான். நான் அதையும் போனில் எடுத்தேன், வீட்டுக்காரருக்குக் காட்டலாமே என்று. அவன் தடுக்கக்கூட இல்லை. எனக்கு வாசிக்கத் தெரிந்தாலும் விளங்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கணக்குச் சொன்னான். புது எஸ்எஸ்டி 18,500. ஒரிஜினல் விண்டோஸ் 11 7,000. வேலைக்கூலி 3,000. மொத்தம் 28,500. "டேட்டா போகுமா தம்பி?" என்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும், "ஒரு ஃபைல் போகாது டீச்சர், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றான். முற்பணம் 15,000 கொடுத்தேன். ஒரு துண்டுக் கடதாசியில் தேதியும் தொகையும் எழுதித் தந்தான். சீல் இல்லை, கடைப் பெயர் இல்லை. அதையும் கேட்கவில்லை நான். தங்கச்சியைப் படிப்பித்தேனே!

இரண்டு நாள் என்றது ஐந்து நாளானது. போய் மிச்சக் காசைக் கொடுத்து எடுத்து வந்தேன். உண்மையைச் சொல்கிறேன், வந்த அன்றைக்குச் சந்தோஷம்தான். விண்டோஸ் 11, நடுவில் ஐகன், படக்கென்று திறந்தது. முக்கியமாக, அந்த அப்டேட் தோல்வி என்ற அறிவிப்பு வரவேயில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன், பாருங்கள், காசு கொடுத்தாலும் வேலை செய்திருக்கிறான் என்று.

டி இல்லை என்பதை மட்டும் முதல் ராத்திரியே கண்டுவிட்டேன். டெஸ்க்டொப்பில் கிடந்தவற்றைக் கொப்பி பண்ணிப் போட்டிருந்தான், டியைக் காணவில்லை. கோல் எடுத்தேன். "பெக்அப் கடையில இரிக்கி டீச்சர், பென்ட்ரைவ் ஒண்டு கொண்டு வாங்க." அடுத்த நாளே பென்ட்ரைவோடு போனேன். அவன் இல்லை, இன்னொருவர் இருந்தார். "அவர் வெளியால போயிட்டார், நாளைக்கி வாங்க." நாளைக்குக் கோல் எடுத்தால், "பெக்அப் எடுத்த மெஷின் பழுதாயிட்டு, சனிக்கிழமை பாப்பம்." சனிக்கிழமை, "கரண்ட் இல்ல." அதற்குப் பிறகு என் நம்பரைக் கண்டால் எடுப்பதே இல்லை. மகளின் போனிலிருந்து எடுத்தால் எடுத்தான், "ஹலோ" என்ற என் குரல் கேட்டதும் "சிக்னல் இல்ல டீச்சர்" என்று வைத்துவிட்டான். களுவாஞ்சிகுடியிலிருந்து டவுனுக்கு இதற்காக மட்டும் மூன்று தரம் போய் வந்தேன். ஒரு தரம் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட பஸ்ஸுக்குள் இருந்தே கோல் எடுத்து "வந்துட்டன் தம்பி" என்றேன், கடைக்குப் போனால் கதவில் பூட்டு.

அண்ணனின் மகன் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். நேற்று வந்தவன் லெப்டொப்பைக் கேட்டான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மாமி, இதுக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்றான். 28,500 என்றேன். ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினான். முதலில் ஸ்டார்ட்டில் வின்வெர் என்று தட்டினான், ஒரு சின்னப் பெட்டி வந்தது, 22எச்2 என்று இருந்தது. விண்டோஸ் 11இல் அந்தப் பதிப்புக்கு வீட்டுப் பாவனைக்கான ஆதரவு 2024 ஒக்டோபர் 8ஆம் திகதியே முடிந்துவிட்டதாம். அதாவது, ஆதரவு முடியப் போகும் விண்டோஸ் 10இலிருந்து தப்ப நான் 28,500 கொடுத்து, ஒரு வருடத்துக்கு முன்னமே ஆதரவு முடிந்த விண்டோஸ் 11ஐ வாங்கி வந்திருக்கிறேன். எவனோ பழைய பென்ட்ரைவில் வைத்திருந்ததை ஏற்றிவிட்டிருக்கிறான்.

சரி, அப்டேட் பண்ணினால் புதுசாகுமே என்றேன். அப்போதுதான் சேர்விஸ் என்ற பட்டியலைத் திறந்தான். அதில் விண்டோஸ் அப்டேட் என்ற வரிக்கு எதிரே டிஸேபிள்ட் என்று இருந்தது. அப்டேட்டையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்! தோல்வி அறிவிப்பு வராததன் ரகசியம் இதுதான். அழுகிற பிள்ளைக்கு வயிற்று வலி என்ன என்று பார்க்காமல் வாயைத் துணியால் கட்டிவிட்டு, பாருங்கள் சுகம் என்று கொடுத்திருக்கிறார்கள். நானும் ஒரு கிழமை பெருமைப்பட்டேன்.

ஒரிஜினல் விண்டோஸ் என்ற 7,000 ரூபாவைப் பார்ப்போம் என்று ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தான். உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் ஆக்டிவேட் செய்யப்பட்டது என்று இருந்தது. எனக்கு எந்த நிறுவனம்? பெரிய கம்பெனிகளுக்குள் பாவிக்கிற முறையை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள், 180 நாளைக்கு ஒருதரம் அது புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஆக்டிவேட் கேட்கும் என்றான். இதில் வயிறெரிவது என்னவென்றால், லெப்டொப் வாங்கும்போதே வந்த என் விண்டோஸ் லைசன்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் அதே வகை விண்டோஸைப் போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும். ஒரு சதம் தேவையில்லை.

அடுத்தது டிஸ்க். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். அதில் எஸ்எஸ்டி எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று ஒரு வரி வரும். 14,212 மணித்தியாலம். நான் எடுத்து வந்து பதினாறு நாள். இரவு பகலாக ஓடவிட்டிருந்தாலும் 384தான் வரும். எவரோ ஒருவரின் மெஷினில் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடிய டிஸ்க்கைப் "புது எஸ்எஸ்டி" என்று 18,500க்குத் தந்திருக்கிறான். என்னுடையது எங்கே போனது? அதுவும் இன்னொரு டீச்சருக்குப் "புதுசாக" போயிருக்கும், என் வினாத்தாளோடும் அம்மாவோடும்.

கடைசியாக என் போனிலிருந்த இரண்டு படங்களையும் காட்டினேன். கறுப்புத் திரைப் படத்தைப் பெரிசாக்கி வாசித்தான். பழுதான ஃபைல்கள் இருந்தன, அவற்றைச் சரிசெய்தாயிற்று என்றுதான் அந்த வரி சொல்கிறதாம். அது விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் கட்டளை, டிஸ்க் அடிபட்டதா இல்லையா என்று அது சொல்லவே சொல்லாது. மற்றப் படம், சீரோ எக்ஸ் 80070070. "மாமி, இது இடம் காணாது எண்டு சொல்ற நம்பர். அவ்வளவுதான். சியில என்ன வச்சிருந்தீங்க? ஸூம் ரெக்கோடிங் இருந்ததா?"

இருந்தது. 2021இலிருந்து அத்தனை வகுப்பும். ஸூம் அதை டொக்கியுமென்ட்ஸ் ஃபோல்டரில் போடும், அது சியில் இருக்கும். சி சிவப்பாகி ஐந்து ஜிபி மட்டும் மிஞ்சியிருந்தது எனக்கும் ஞாபகம். விண்டோஸ் 11 ஏற 20 ஜிபியாவது காலியாக வேண்டுமாம். டியில் 100 ஜிபிக்கு மேல் சும்மா கிடந்தது. அந்த வீடியோக்களைச் சியிலிருந்து டிக்கு இழுத்துப் போட்டு, ரீசைக்கிள் பின்னையும் டெம்பரரி ஃபைல்களையும் அழித்திருந்தால் அப்டேட் ஏறியிருக்கும். அரை மணித்தியால வேலை. 28,500 ரூபா.

இன்று காலை மருமகனின் போனிலிருந்து கோல் எடுத்தேன். முதலாளி எடுத்தார். டிஸ்க்கைப் பற்றிச் சொன்னேன், 14,212 மணித்தியாலம் என்றேன். "டீச்சர், பாவிச்ச சாமானுக்கு வொறண்டி இல்ல" என்றார். "பாவிச்ச சாமானா? புதுசு எண்டுதானே நான் காசு தந்த?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமேயில்லை. பிறகு, "திருத்துற பொடியன் லீவு, அவர் வந்ததும் கதைக்கச் சொல்றன்." என்னுடைய பழைய டிஸ்க்கைத் தாருங்கள் என்றேன். "அதெல்லாம் ஸ்கிறப்புக்குப் போட்டாச்சு." டேட்டா? "டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல எண்டு பில்லில இரிக்கி." எந்தப் பில்லில்? எனக்குத் தந்தது பிள்ளைகளின் கொப்பியிலிருந்து கிழித்த மாதிரி ஒரு துண்டு! அதற்குள் வைத்துவிட்டார்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. அப்டேட் ஏறாவிட்டால் வருகிற நம்பரை எழுதி வைத்து, அது என்ன என்று தேடிப் பாருங்கள், சியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்குக் கொடுப்பதற்கு முன்னம் எல்லாவற்றையும் வெளி ஹாட் டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள், அவர்கள் எடுப்பார்கள் என்று நம்பாதீர்கள். மாற்றினால் பழைய சாமானைக் கையில் வாங்காமல் மிச்சக் காசைக் கொடுக்காதீர்கள். கடைப் பெயர் உள்ள பற்றுச்சீட்டைக் கேளுங்கள், கேட்டால் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. எழுத்தில் முறைப்பாடு கொடுக்க மூன்று மாதம்தான் அவகாசம், என்னைப் போல "நாளைக்கி வாங்க"வில் அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

துண்டுக் கடதாசி, போனில் எடுத்த இரண்டு படம், மணித்தியாலம் காட்டிய திரையின் படம், எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அரைநாள் லீவு போட்டு, முறைப்பாடு கொடுக்கக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போகிறேன். திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு மாதிரிப் பரீட்சை, வினாத்தாள் இல்லை. முதலாம் கேள்வியிலிருந்து மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறேன், இந்த மெஷினில் பாமினியும் இல்லை.