விசா முடிய நான்கு மாதம்: வேலையா, கொள்ளுத்தாத்தாவா, கல்யாணமா?

இவர் மலேசியாவின் ஈப்போக்காரர், நான் தருமபுரிக்காரி. அல்சூரில் ஒரே வீட்டில் இரண்டு ஆண்டாகக் குடியிருந்தோம். தாலியும் இல்லை, பதிவும் இல்லை. பெங்களூரில் பிசியோதெரபி முதுநிலை படிக்க வந்தவருக்கு மாணவர் விசா 2024 ஜூலை 31 வரை. அந்தத் தேதியை எங்களுக்கு முன்பே கணக்கு வைத்திருந்தவர் வீட்டுக்கார அம்மாதான். வெளிநாட்டவரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு 'சி' படிவம் அனுப்ப வேண்டியிருந்ததால் இவருடைய விசா நகல் அவரிடம் இருந்தது. மார்ச் மாத வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டு, "ஜூலைக்கு அப்புறம் தம்பி இங்கே இருப்பாரா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். அன்று இரவுதான் நாட்காட்டியை எடுத்து உட்கார்ந்தோம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடுகிறேன். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் மணமாகாமலேயே ஓராண்டு சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டித் துணைக்கு விசா கேட்க முடியும். அங்கே இருக்கும் உறவினர்கள், "இங்கேயும் அப்படி இருக்குமே" என்பார்கள். இருக்காது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் திருமணத்தை ஒத்த உறவையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இந்தியக் குடிமகளின் மணமாகாத துணை என்பதற்காக விசா கேட்கப் போனால், அதற்கு ஒரு கட்டமே படிவத்தில் கிடையாது. மனைவி, கணவன், பிள்ளை, அவ்வளவுதான்.

இன்னொரு படிப்பில் சேர்ந்து மாணவர் விசாவை நீட்டிப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. வேண்டாத படிப்புக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்டி ஒரு வருடத்தை விலைக்கு வாங்குவது அது. அடுத்த ஆண்டும் இதே கேள்வி வரும். விட்டுவிட்டோம்.

வேலை விசாவை ஒரு வாரம் நம்பினோம். பயிற்சி பெற்ற மருத்துவமனையிலேயே மாதம் 35,000 ரூபாய்க்கு இடம் தருவதாகச் சொன்னார்கள். வேலை விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம், அதாவது மாதம் 1,35,000-க்கு மேல். புதிதாகப் படித்து முடித்த பிசியோதெரபிஸ்டுக்கு இந்த ஊரில் யார் அவ்வளவு தருவார்கள்? இந்த வரம்பிலிருந்து விலக்கு பெற்றவர்களில் தங்கள் நாட்டு உணவைச் சமைக்கும் சமையல்காரர்களும் உண்டு. இவர் செய்யும் நாசி லெமாக்கைச் சாப்பிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன், தவறான படிப்பைப் படித்துவிட்டார். மென்பொருள் துறையில் நல்ல சம்பளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இது ஒழுங்கான வழி.

மூன்றாவது, கொள்ளுத்தாத்தா. இந்திய வம்சாவளியினருக்கு வாழ்நாள் விசா போல இருக்கும் ஓசிஐ அட்டையைக் கொள்ளுப்பேரப்பிள்ளை வரை குடியுரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. இவருடைய தாத்தாவின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். வம்சாவளியில் குறையே இல்லை, காகிதத்தில்தான் குறை. குடும்பத்தில் மிஞ்சியது ஒரு மங்கிய புகைப்படமும், "மன்னார்குடிப் பக்கம்" என்ற இரண்டு சொற்களும்தான். பழைய பாஸ்போர்ட்டோ, பிறப்புப் பதிவோ, பட்டாவோ ஒன்று கையில் இருந்து, அங்கிருந்து தலைமுறை தலைமுறையாகப் பிறப்புச் சான்றுகளைக் கோக்கவும் முடிந்தால், இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. கல்யாணத்துக்கே அவசரம் கிடையாது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆக மிஞ்சியது கல்யாணம். ஆனால் எங்கே? அங்கேயா, இங்கேயா என்பதில்தான் எங்களுக்குள் சண்டையே வந்தது.

இவர் சொன்னது மலேசியா. படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவது. நான் பின்னால் போய் அங்கே பதிவு செய்துகொள்வது. பிறகு கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் மணமானவருக்குரிய எக்ஸ் விசா வாங்கித் திரும்புவது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் அங்கே தங்கலாம். ஆனால் அங்கேயும் கல்யாணத்துக்கு முன் 21 நாள் அறிவிப்பு உண்டு. எனக்கு அவ்வளவு தொடர் விடுப்பு கிடையாது. அதோடு, இந்தியாவை விட்டுப் போன ஆள் எந்த மாதம் திரும்புவார் என்பது எங்கள் கையில் இல்லாமல் போய்விடும். நான் அங்கேயே குடியேறிவிடும் யோசனையும் வந்தது. துணைவருக்கான நெடுநாள் அனுமதி கிடைக்கும். ஆனால் வேலை பார்க்கத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். அம்மா தருமபுரியில் தனியாக இருக்கிறார் என்பதால் அந்தப் பேச்சை நான் வளரவிடவில்லை.

நான் பிடிவாதமாக நின்றது பெங்களூரில். விசா உயிரோடு இருக்கும்போதே சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துகொண்டு, நாட்டை விட்டுப் போகாமலே மாணவர் விசாவை எக்ஸ் விசாவாக மாற்றிக்கொள்வது. (இவர் கத்தோலிக்கர்; எனக்குக் குலதெய்வம் முனியப்பன். எங்கள் இருவரையும் சேர்த்து வைக்க 1954-ஆம் ஆண்டுச் சட்டமே வசதி.) இந்த வழியின் பலமும் பலவீனமும் ஒன்றேதான், நாள் கணக்கு. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே இடறினால் மற்றதெல்லாம் வீண்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று திருமண அலுவலரிடம் அறிவிப்பு கொடுப்பதற்கு முன் இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அது எனக்கு இருந்தது. அறிவிப்பு கொடுத்த பின் 30 நாள் காத்திருக்க வேண்டும். யாராவது ஆட்சேபம் எழுப்பினால், விசாரித்து முடிவு சொல்லத் திருமண அலுவலருக்கு மேலும் 30 நாள் அவகாசம். சரி, முன்கூட்டியே கொடுத்து வைப்போம் என்றால் அதுவும் நடக்காது. மூன்று மாதத்துக்குள் கல்யாணம் ஆகாவிட்டால் அறிவிப்பு காலாவதி. இதற்கெல்லாம் முன்பு, இவருக்கு ஏற்கெனவே மணமாகவில்லை என்ற சான்றை மலேசியாவிலிருந்து வரவழைக்க மூன்று வாரம் ஆனது. ஏப்ரல் நடுவில் அறிவிப்பு கொடுக்கப் போனால் அலுவலகத்தில் பாதிப் பேர் தேர்தல் பணியில் இருந்தார்கள். பெங்களூரில் ஏப்ரல் 26 வாக்குப்பதிவு. எங்கள் மனுவை வாங்கியது மே 6-ஆம் தேதி.

அலுவலகச் சுவரில், கண்ணாடி போட்ட பலகைக்குள், எங்கள் இருவர் படமும் ஒட்டிய அறிவிப்புத் தாள் தொங்கியது. ரப்பர் முத்திரை இவருடைய தாடையின் மேல் விழுந்து, பார்க்கத் தேடப்படும் ஆள் போல இருந்தார். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீடு திரும்பினோம். என்னுடைய நிரந்தர முகவரி தருமபுரி மாவட்டம் என்பதால் அதே அறிவிப்பின் நகல் அங்குள்ள பதிவு அலுவலகத்துக்கும் போகும், அங்கேயும் சுவரில் ஏறும் என்பதை நான் சரியாக யோசிக்கவில்லை. என் சித்தப்பா பத்திரம் எழுதுபவர். அவர் மேசை போட்டிருப்பது அந்த அலுவலக வாசலில்.

அம்மாவுக்கு விஷயம் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியாது. "உன் படத்தைச் சுவரில் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா, பாப்பா?" என்று போனில் கேட்டார். அது கோபம் என்பதைவிட அவமானம். ஆட்சேபம் எழுதப் போவதாகவும் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது மதத்தையோ சாதியையோ நினைத்து அல்ல, ஜூலை 31-ஐ நினைத்து. ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, வயது போதாதது, மனநிலை, விலக்கப்பட்ட உறவுமுறை போன்ற சில காரணங்களைத் தவிர வேறெதையும் ஆட்சேபமாகச் சட்டம் ஏற்பதில்லை. அவருக்கே தினமும் புழங்கும் சட்டம்தான் அது. இரண்டு நாள் கழித்து, "எழுதினாலும் நிற்காது" என்று அவரே சொல்லிவிட்டார். நிற்காத ஆட்சேபமும் நாளைத் தின்னும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 10, திங்கட்கிழமை, மூன்று சாட்சிகளோடு கையெழுத்திட்டோம். அந்த வாரமே இணையத்தில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பம். அங்கேதான் ஒரு சாய்கோடு எங்களைப் படுத்தியது. மலேசியத் தமிழ் ஆண்களின் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' என்று இருக்கும். 'அனாக் லெலாக்கி', அதாவது மகன். திருமணச் சான்றில் தட்டச்சு செய்தவர் சாய்கோட்டை விட்டுவிட்டு அதை ஒரு பெயராகவே சேர்த்துவிட்டார். பாஸ்போர்ட்டில் இருப்பவரும் சான்றில் இருப்பவரும் ஒருவரேதானா என்று விளக்கம் கேட்டு விண்ணப்பம் நின்றது. சான்றைத் திருத்தி வாங்கி மறுபடி ஏற்ற பத்து நாள். எக்ஸ் விசா வந்தது ஜூலை 22. ஒன்பது நாள் மிச்சம்.

ஆகவே என் கணக்கு இது: கையில் நான்கு மாதம் இருந்தால் இங்கேயே கல்யாணம். இரண்டு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் இவர் சொன்ன மலேசிய வழியே மேல், நான் தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசா முடிந்த பிறகும் தங்கிப் பார்க்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம்.

எங்கள் தேர்வில் வலியும் உண்டு. எக்ஸ் விசா இருக்கிறது என்பதற்காக மறுநாளே வேலைக்குப் போய்விட முடியாது; தனி அனுமதி வேண்டும். முதுநிலை படித்த மனிதர் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். நான் வேலையிலிருந்து வரும்போது மசாலா அரைத்து வைத்திருப்பார்; எனக்குச் சுகம்தான், அவருக்கு அல்ல. பதிவான கல்யாணம் இரண்டு ஆண்டு நிலைத்திருந்தால் கணவர் என்ற முறையில் ஓசிஐ கேட்கலாம். இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். எங்களுக்கு அது 2026 ஜூன் 10-இல் நிறைகிறது என்பதால், அந்தப் படியைப் பற்றி அனுபவமாகச் சொல்ல என்னிடம் இன்னும் ஒன்றும் இல்லை. கல்யாணம் முறிந்தால் அந்த அட்டையை ரத்து செய்யலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. சண்டை வரும்போதெல்லாம் இவர் அதைப் போனில் எடுத்து எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார்.